எந்தத் தாயைப் போல?

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று, பெண் பார்த்துத் திரும்பும் வழியிலும் பேரக் குழந்தையை மடியில் வாங்கும் வேளையிலும் நம்மவர்கள் தவறாமல் சொல்லுகிறார்கள். சொல்லுகிற வாயும் கேட்கிற காதும் அந்தப் பழமொழியில் சந்தேகத்துக்கு இடம் இருப்பதாக நினைப்பதே இல்லை. வித்தைத் தந்த தாயும் வயிற்றில் சுமந்த தாயும் ஒருத்தியே என்பது சிருஷ்டி தொடங்கிய நாள் முதல் மாறாத நியதியாக இருந்து வந்திருக்கிறது அல்லவா? நூலும் தறியும் ஒரே வீட்டில் இருக்கும் வரையில், சேலையின் குணம் நூலால் வந்ததா, தறியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயலாது. பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஒரு வீட்டு நூலை எடுத்துப்போய் மற்றொரு வீட்டுத் தறியில் பூட்டி நெய்து பார்க்க வேண்டும்.

அப்படி முதலில் நெய்து பார்த்தவர் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர். நீண்ட பட்டு மயிர் உடைய அங்கோரா இன முயலின் கருக்குழாயிலிருந்து இரண்டு இளங்கருக்களை 1890-ல் அவர் எடுத்து, தன் இனத்து ஆண் முயலோடு சற்று முன்னர்தான் கூடியிருந்த பெல்ஜியன் ஹேர் என்னும் இனத்து முயலின் உடலில் வைத்தார். உரிய காலத்தில் அந்த முயல் தன் இனத்துக் குட்டிகள் நான்கையும் அங்கோராக் குட்டிகள் இரண்டையும் ஈன்றது. பட்டு மயிரில் இம்மியும் குறைவில்லை. சுமந்தவள் எவளாயினும் பிள்ளை வித்தைப் போலத்தான் என்று ஹீப் முடிவு கட்டினார். சங்கத் தமிழ் வழங்கிய சொற்களால் சொல்வதானால், நற்றாயின் பக்கமே தீர்ப்பாயிற்று, செவிலித்தாய்க்கு ஒரு பங்கும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்குமேல் பெரும்பாலும் அசையாமல் நின்ற அந்தத் தீர்ப்பை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவரே, இந்தக் கட்டுரைக்கு விஷயமாகிய ஆன் மக்லாரன் அம்மையார்.

1927-ல் லண்டனில், பிரபு குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை அபர்கான்வே பிரபு. வேல்ஸ் நாட்டில் அந்தக் குடும்பம் வளர்த்த பாட்னன்ட் பூந்தோட்டம் இன்றும் பேர்பெற்று விளங்குகிறது. எச். ஜி. வெல்ஸின் எதிர்காலக் கற்பனையை ஒட்டி 1936-ல் வெளிவந்த ‘திங்ஸ் டு கம்’ என்ற படத்தில், குழந்தைப் பருவத்திலேயே அவர் ஒரு சிறு காட்சியில் தோன்றினார். ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பயின்று, லண்டன் பல்கலைக் கல்லூரியில் ஜே. பி. எஸ். ஹால்டேனிடம் (பின்னாளில் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, இந்தியப் பிரஜையாகி, புவனேசுவரத்தில் உயிர் நீத்த அதே ஹால்டேனிடம்) பழ ஈக்களைப் பற்றும் உண்ணிகளை ஆராய்ந்து, பிறகு எலிகளின் நரம்பைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி எழுதி, 1952-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டிலேயே டானல்ட் மிச்சியை மணந்தார். யுத்த காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டியூரிங்கோடு சேர்ந்து பகைவரின் சங்கேதங்களை உடைத்தவர் மிச்சி. பிற்காலத்தில் யந்திர அறிவு என்ற துறையைப் பிரிட்டனில் வளர்த்தவரும் அவரே. கணவனும் மனைவியுமாகிய இவ்விருவரும் முதலில் கையில் எடுத்த பிரச்சினை, கேட்பவர்களுக்கு மிக அற்பமாகத் தோன்றக்கூடிய ஒன்று: சுண்டெலியின் இடுப்பில் முள்ளெலும்புகள் எத்தனை?

ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புக்குள்ளேயே இணைத்து வளர்த்த எலி இனங்களில், சி3ஹெச் என்ற இனத்தில் இடுப்பு முள்ளெலும்புகள் பெரும்பாலும் ஐந்து. சி57பிளாக் என்ற இனத்தில் பெரும்பாலும் ஆறு. இவ்விரண்டையும் கலந்தால் பிறக்கும் குட்டிகள் யாவும் ஜீன்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றேயாக இருக்க வேண்டும். தந்தை எந்த இனம், தாய் எந்த இனம் என்பது பொருட்டல்ல. ஆனால் எண்ணிப் பார்த்தபோதோ, தாய் எந்த இனமோ அந்த இனத்தின் எண்ணிக்கையை நோக்கியே குட்டிகள் சாய்ந்தன. தாயின் பங்கு ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று; அது முட்டையின் உள்ளே, உட்கருவைச் சூழ்ந்த சாற்றில் இருக்கிறதா, அல்லது கர்ப்பப்பையில் இருக்கிறதா என்பது மட்டும் தெளிவாகவில்லை. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டுக்கும் பேதம் சிறியதே. ஆயினும், முட்டையோடு வருவது வித்தின் பகுதி, கர்ப்பப்பை தருவது வளர்ப்பின் பகுதி என்று நினைத்துப் பார்த்தால், பரம்பரைக்கும் சூழ்நிலைக்கும் இடையே எந்த இடத்தில் வேலி போடுவது என்ற பெருங்கேள்வி அந்த ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அடங்கியிருப்பது புலப்படும்.

இதைத் தீர்க்க ஒரே வழி, இளங்கருவை ஒரு வயிற்றிலிருந்து மற்றொரு வயிற்றுக்கு மாற்றுவதுதான். எழுதுவதற்கு ஒரு வரியாக முடிந்துவிடும் அந்தக் காரியத்தின் பிரயாசையை வாசகர் சற்றே அருகில் வந்து பார்க்க வேண்டும். மாலையில் ஜோடி சேர்த்த பெண்ணெலிகளை விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இணைந்ததற்கு அடையாளமாக மெழுகுபோல் உறைந்திருக்கும் சிறு அடைப்பு உள்ளதா என்று தேடி, உள்ளவற்றுக்கு அன்றிலிருந்து நாள் கணக்கிடுவார்கள். மற்றொரு கூட்டத்துப் பெண்ணெலிகளை, விந்து நாளம் அறுக்கப்பட்ட ஆணெலிகளோடு கூட விடுவார்கள். கர்ப்பம் உண்டாகாது, ஆனால் உண்டாகிவிட்டதாக நினைத்து உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும். இவைதாம் செவிலித்தாய்கள். உரிய நாளில் நற்றாயின் கருக்குழாயையோ கர்ப்பப்பையையோ எடுத்து, நுண்ணிய ஊசியால் உப்புநீர் செலுத்தி அலசினால், கண்ணாடிச் சில்லின் அடியில் இளங்கருக்கள் வந்து படியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்குத் தூசிபோல் தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். உருப்பெருக்கியின் கீழோ, ஒளி ஊடுருவும் தோல் ஒன்றுக்குள் நாலும் எட்டுமாக மணிகளைப் பொதிந்து வைத்தாற்போல் அவை மின்னும். தீச்சுடரில் காட்டி மயிரிழையாக நீட்டிய கண்ணாடிக் குழலில் அவற்றை வாயால் மெல்ல உறிஞ்சி எடுத்து, செவிலித்தாயின் கர்ப்பப்பையில் ஊசிமுனைத் துளையிட்டு உள்ளே விட வேண்டும். கை ஒரு கணம் நடுங்கினால் ஒரு வாரத்து உழைப்பு வீண்.

இந்த வேலையைச் செய்துகொண்டே வரும்போது அவர்கள் ஒன்று கண்டார்கள்: கருவின் வயதும் செவிலித்தாயின் கர்ப்பநாளும் சரியாகப் பொருந்துவதைக் காட்டிலும், கரு ஒரு நாள் முந்தியும் கர்ப்பப்பை ஒரு நாள் பிந்தியும் இருப்பது நல்லது. இடம் மாறிய கருவுக்குச் சிறிது தடங்கல் ஏற்படுகிறது. கர்ப்பப்பையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. பதிந்துகொள்ள அது இசையும் பொழுது கடந்துவிட்டால், பிறகு அங்கே கருவுக்கு இடம் கிடைப்பதில்லை.

முள்ளெலும்பின் வழக்கு 1958-ல் தீர்ந்தது. இடம் மாற்றி வளர்த்த குட்டிகளின் முள்ளெலும்பு எண்ணிக்கை, முட்டை தந்தவளை அன்றி, வயிற்றில் சுமந்தவளின் இனத்தை நோக்கிச் சாய்ந்தது. கர்ப்பப்பை வெறும் தொட்டில் அன்று. எலும்பின் எண்ணிக்கையிலேயே அதற்குக் குரல் உண்டு. ஹீப் பார்த்தது மயிரை; மயிரில் தறியின் சுவடு விழவில்லை. மக்லாரனும் மிச்சியும் பார்த்தது முதுகெலும்பை, அங்கே விழுந்தது. விஞ்ஞானத்தில் விடை மட்டுமல்ல, எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுக்கும் விவேகமும் சேர்ந்தே ஆராய்ச்சியாகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

அதே 1958-ல் வேறொன்றும் நடந்தது. ஒரு வயிற்றிலிருந்து எடுத்த கருவை மறு வயிற்றில் வைப்பதற்கு முன் இடையே சில நாள் கண்ணாடிப் பாத்திரத்திலேயே வளர்த்தால் என்ன என்று அம்மையாருக்குத் தோன்றியது. இளங்கரு பிழைத்திருப்பதற்கு ஏற்ற ஒரு கரைசலை ஆஸ்திரேலியாவில் வெஸ்லி விட்டன் 1956-ல் செய்து காட்டியிருந்தார். சில உப்புகள், குளுக்கோஸ், மாட்டின் குருதிப் புரதம், இவ்வளவே அதன் சரக்கு. எட்டு உயிரணுக் கட்டத்தில் வைத்தால், இரண்டு நாளில் அவை நடுவில் நீர் நிறைந்த சிறு பந்தாக உருண்டு வரும். ஆனால் அப்படி வந்தவை உண்மையில் உயிருள்ள குட்டிகளாகப் பிறக்கும் தகுதி படைத்தவையா, அல்லது பார்வைக்கு மட்டும் உருவம் எடுத்தவையா என்பது ஒருவருக்கும் தெரியாது. அரசர் கால்நடை வைத்தியக் கல்லூரியில் ஜான் பிகர்ஸ் என்பவரோடு சேர்ந்து மக்லாரன் அவற்றைச் செவிலித்தாய்களின் வயிற்றில் வைத்தார். குட்டிகள் பிறந்தன; குறை ஒன்றும் இல்லாத, ஓடித் திரியும் குட்டிகள். வெளியூர் சென்றிருந்த பிகர்ஸுக்குப் பறந்தது தந்தி: புட்டிக் குழந்தைகள் நான்கு பிறந்துவிட்டன என்று. செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பரபரப்பாக்கின.

இந்தக் குட்டிகளின் முட்டை தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்றது என்பதை மறக்கலாகாது. உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் வேலையை, முயலில் எம். சி. சாங் அடுத்த ஆண்டில் நிரூபித்தார். மனித முட்டையில் ராபர்ட் எட்வர்ட்ஸ் 1969-ல் செய்தார். அவ்வாறு உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் மனிதக் குழந்தையாக, 1978 ஜூலை 25-ல் ஓல்டம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் என்ற பெண்குழந்தை பிறந்தாள். ஆனாலும், கண்ணாடியில் சில நாள் வளர்ந்த பாலூட்டியின் கரு மறுபடி தாய்வயிற்றில் தங்கி முழுப் பிராணியாகும் என்ற நம்பிக்கையை முதலில் தந்தவை அந்த எலிக்குட்டிகள்தாம். பிள்ளைப்பேறு இல்லாத ஏக்கத்தோடு எத்தனையோ தம்பதிகள் இன்று சிகிச்சை நிலையங்களின் வாசலில் காத்திருக்கிறார்களே, அவர்களுடைய எதிர்பார்ப்பின் வேர்களில் ஒன்று எலியின் இடுப்பெலும்பு எண்ணியதில் இருக்கிறது என்பதை நினைக்கும்போது, பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சியை அளப்பவர்களிடம் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

1959-ல் எடின்பரோவுக்குச் சென்ற அம்மையார், பதினைந்து ஆண்டுகள் அங்கே கரு பதியும் விதத்தையும், இரண்டு கருக்களைச் சேர்த்து ஒரே பிராணியாக்கும் கலப்புடல் எலிகளையும் ஆராய்ந்தார். 1974-ல் லண்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த பாலூட்டி வளர்ச்சிப் பிரிவின் தலைமையை ஏற்றார். மறு ஆண்டு ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

லூயிஸ் பிரவுன் பிறந்த பின் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் கவலை பிறந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் மனிதக் கருவை என்னென்ன செய்யலாம், எதைச் செய்யலாகாது? 1982-ல் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் பதினாறு பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. வழக்கறிஞர்களும் சமயவாதிகளும் மருத்துவர்களும் இருந்த அந்தச் சபையில், கரு வளர்ச்சியின் விஞ்ஞானத்தைக் கையால் தொட்டு அறிந்தவராக மக்லாரன் அமர்ந்தார். அங்கே அவர் செய்த காரியத்தை அவருடைய ஆராய்ச்சிகளுக்குச் சற்றும் குறைந்ததாக நான் மதிக்கவில்லை.

கருவுற்ற முதல் இரண்டு வாரங்களில் அந்த உயிரணுக் கூட்டத்தின் பெரும்பகுதி குழந்தையாக ஆவதே இல்லை, நஞ்சுக்கொடியாகவும் சவ்வுகளாகவும் ஆகிறது. எந்த அணு எதுவாகும் என்பது அப்போது முடிவாகியிருப்பதில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகும் வாய்ப்பும் அந்த நாட்களில்தான் உண்டு. ஏறக்குறைய பதினைந்தாம் நாளில் கருத்தட்டின்மேல் ஆதிக்கீற்று என்னும் ஒரு கோடு தோன்றுகிறது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பது அதனால் நிச்சயமாகிறது. இன்ன ஆள் என்று தனித்துச் சுட்டக்கூடிய ஒன்று அதிலிருந்தே தொடங்குகிறது. இவற்றை, விஞ்ஞானம் பயிலாத சக உறுப்பினர்களுக்கு அவர் நிதானமாக விளக்கினார். அதன் பயனாகவே, பதினான்கு நாட்களுக்குமேல் மனிதக் கருவை ஆய்வில் வளர்க்கலாகாது என்ற எல்லைக்கோடு 1984-ல் வெளிவந்த அறிக்கையில் இடம்பெற்றது.

கோடு போட்டவுடன் வழக்கு தீர்ந்துவிடவில்லை. 1985 பிப்ரவரியில், கரு ஆராய்ச்சியை அடியோடு தடுக்கப் பார்லிமெண்டு அங்கத்தினர் ஈனக் பவல் கொண்டுவந்த மசோதா 238-க்கு 66 என்ற வாக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. நேரம் போதாமல் போனதால்தான் அது சட்டமாகவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளும் அம்மையார் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் பொதுமக்களுக்கும் சலிக்காமல் எடுத்துச் சொன்னார். கருவைத் தாயின் வயிற்றில் வைப்பதற்கு முன்பே பரம்பரை நோய் உண்டா இல்லையா என்று பார்த்துவிட்டால், பாதிக் கர்ப்பத்தில் பெற்றோர் படும் கொடிய வேதனை தவிரும் என்பது அவர் வற்புறுத்திய நியாயங்களுள் ஒன்று. அவருடைய பிரிவிலேயே இருந்த மேரிலின் மங்க், எலிக் கருவின் ஒரே ஓர் அணுவை எடுத்து நோயை அறியலாம் என்று 1987-ல் காட்டினார். மனிதரில் அம்முறையால் கர்ப்பம் தரித்த செய்தியை ஆலன் ஹேண்டிசைட் குழுவினர் 1990 ஏப்ரலில் வெளியிட்டார்கள். சில நாட்களுக்குள் காமன்ஸ் சபை 364-க்கு 193 என்ற வாக்கில் ஆராய்ச்சியை அனுமதித்தது. ஐந்தாண்டில் ஒரு சபையின் மனம் இப்படித் திரும்பியது பொறுமையான விளக்கத்தால்தான் என்றே நான் எண்ணுகிறேன். கூச்சலுக்குக் கூச்சலால் விடை கொடுத்திருந்தால் இது நடந்திராது. 1991-ல் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டுச் செயலாளராக்கியது. 330 ஆண்டுச் சரித்திரத்தில் அந்தச் சங்கத்தின் பதவியாளராக ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

இவ்வளவு சபைகளுக்கும் நடுவில் அவர் எலிக்கூண்டை விட்டு விலகவில்லை. ஆண் பெண் என்ற பேதம் எதனால் வருகிறது என்ற கேள்வி அவரைப் பற்றியிருந்தது. ஆண்களுக்கே உரிய ஹெச்-ஒய் என்ற பொருள்தான் விரையை உண்டாக்குகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அந்தப் பொருள் இல்லாமலே விரை வளர்ந்த எலிகளை எலிசபெத் சிம்சன் முதலியோருடன் சேர்ந்து 1984-ல் அவர் காட்டியதும் அந்த நம்பிக்கை தகர்ந்தது. தேட வேண்டிய ஜீன் வேறு என்பது உறுதியாகி, 1990-ல் எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீன் அகப்பட்டது.

ஆனால் அவருடைய மனம் கடைசிவரை தோய்ந்திருந்த விஷயம், ஆதி பீஜ அணுக்கள். பின்னாளில் முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகி, அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டியவை அவை. எலிக் கருவின் ஏழாம் நாளில், ஒரு குறிப்பிட்ட நொதிக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால், அவை கருவின் உடலாகப் போகும் பகுதிக்கு வெளியே, வால் பக்கத்து ஓரத்தில், சில பத்து அணுக்களின் சிறு கூட்டமாகத் தெரிகின்றன. 1990-ல் கின்ஸ்பர்க், ஸ்னோ ஆகியோரோடு அவர் அதைத் துல்லியமாகக் காட்டினார். உடல் கட்டும் அமளியில் கலவாமல் ஒதுங்கியிருந்து, பிறகு பின்குடலின் வழியே நகர்ந்து, ஏறக்குறைய பத்தரை நாளில், சினைப்பையாகவோ விரையாகவோ ஆகவேண்டிய மேட்டை அடைகின்றன. வழியெல்லாம் பெருகிப் பதின்மூன்றாம் நாளில் ஆயிரக்கணக்காகிவிடுகின்றன.

வழிதவறுபவையும் உண்டு. சில அணுக்கள் மேட்டைத் தாண்டிச் சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியில் போய்த் தங்கிவிடும். அங்கே தங்கியவை, ஆண் கருவில் இருந்தாலும், ஒய் குரோமோசோமைத் தம்முள் சுமந்திருந்தாலும், முட்டை போகும் வழியே போகின்றன. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவில் உரிய நாளில் நுழைந்துவிடுகின்றன. விரைக்குள் அடைக்கலம் புகுந்தவை மட்டும் நிறுத்தப்பட்டு விந்தணுவின் வழிக்குத் திருப்பப்படுகின்றன. ஆகவே அந்த அணு ஆணாவதும் பெண்ணாவதும் அதன் சொந்தக் குரோமோசோமால் அன்று, சுற்றியிருக்கும் திசு எதுவோ அதனால். தடுப்பார் இல்லையேல் முட்டையின் வழியே இயல்பான வழி என்று அம்மையார் சொன்னார். ஐம்பதுகளில் முள்ளெலும்புக்குக் கர்ப்பப்பை எதுவோ, எண்பதுகளில் பீஜ அணுவுக்கு விரை அதுவாக வந்து நின்றது. நூலிலிருந்து மறுபடியும் தறிக்கே அவர் வந்து சேர்ந்தார்.

1992-ல் ஓய்வு பெறும் வயதில் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனது ஓய்வெடுக்க அன்று. அங்கே இயன் ஆடம்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, எந்த நாள் வரையில் அந்த அணுக்களின் மனத்தை மாற்றலாம் என்று அளந்தார். பதினோரரை நாள் பெண் கருவின் பீஜ அணுவை ஆண் மேட்டுத் திசுவோடு சேர்த்து வைத்தால் அது விந்தணுவின் வழிக்கு வந்தது. ஆண் கருவின் அணுக்கள் பன்னிரண்டரை நாளிலும், பெண் கருவின் அணுக்கள் பதின்மூன்றரை நாளிலும் முடிவு செய்துவிட்டன. அதற்குப் பிறகு எந்த அயலாரும் அவற்றைத் திருப்ப முடியவில்லை. அந்தக் கட்டுரை வெளிவந்த 2002-ல் அம்மையாருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. அதே ஆண்டில், கலப்புடல் எலிகளை முதலில் உண்டாக்கிய போலந்து விஞ்ஞானி ஆந்திரே தார்கோவ்ஸ்கியோடு ஜப்பான் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிச்சியும் அவரும் 1959-லேயே விவாக பந்தத்தை நீக்கிக்கொண்டவர்கள். ஆனால் சிநேகம் நீங்கவில்லை, முதுமையில் மறுபடியும் நெருங்கியே இருந்தார்கள். 2007 ஜூலை 7-ல் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்கு இருவரும் ஒரே காரில் வந்துகொண்டிருந்தபோது, கார் சாலையை விட்டு விலகி விபத்துக்குள்ளாயிற்று. செவிலித்தாய் எலிகளின் குட்டிகளில் ஐந்தா ஆறா என்று சேர்ந்து எண்ணிய இருவரும் அன்றே மறைந்தார்கள்.